வீட்டுக்குள் ஒரு பவளத்திட்டு

பவளத்திட்டுத் தொட்டி என்பது உயிருள்ள பவளங்களையும் அவற்றை அண்டி வாழும் மீன், நத்தை, இறால் முதலியவற்றையும் உப்புநீரில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி. பார்வைக்கு மீன்தொட்டிதான் என்றாலும் அதன் போக்கைத் தீர்மானிப்பது பவளம். பவளத்தின் ஒவ்வொரு மொட்டும் ஒரு தனி விலங்கு. நடுவில் ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள். கல் பவளமாக இருந்தால், கீழே அது தானே கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் கிண்ணமும் இருக்கும். அதன் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக்கொண்டு அவை சமைக்கும் உணவே பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை ஈடுகட்டுகிறது. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறியும்; பாசியை இழந்த பவளம் வெளுத்துப்போகும்.

திறந்த கடலில் திட்டைச் சூழ்ந்த நீரின் உப்பும் சுண்ணமும் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. அந்த நிலைக்குப் பல லட்சம் ஆண்டுகள் பழகிய உயிரை 200 லிட்டர் தண்ணீருக்குள் கொண்டுவருகிறவர், தண்ணீரை நேற்று இருந்தபடியே இன்றும் வைத்திருக்கக் கற்க வேண்டும். தொட்டி வைப்பது என்பதில் பெரும்பகுதி இதுதான்.

சிறிய தொட்டியில் பழகிவிட்டுப் பெரியதுக்குப் போகலாம் என்ற எண்ணம் இயல்பாக வரும். உப்புநீரில் அது தலைகீழ். 100 லிட்டர் தொட்டி ஒன்றில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் 3,500 கிராம் உப்பு இருக்கிறது. சூடான அறையில் நாளொன்றுக்கு 2 லிட்டர் நீர் ஆவியாகலாம், உப்பு ஆவியாவதில்லை. ஐந்து நாள் கவனிக்காமல் விட்டால் அதே 3,500 கிராம் 90 லிட்டரில் நிற்கும். லிட்டருக்கு 39 கிராம். இதைக் கண்டு பதறி ஒரே மூச்சில் 10 லிட்டர் நன்னீரை ஊற்றினால் அது இரண்டாவது அடி. 400 லிட்டர் தொட்டியில், மேற்பரப்பு பெரிதென்பதால் நாளுக்கு 4 லிட்டர் போனாலும், ஐந்து நாள் கழித்து அளவு 37-ஐ எட்டாது. முதல் தொட்டிக்கு 200 முதல் 300 லிட்டர் நல்ல அளவு. கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 200 லிட்டர் தொட்டியே 250 கிலோவைத் தாண்டும் என்பதால், தாங்குமேசை உறுதியாகவும் ரசமட்டம் பிசகாமலும் இருக்க வேண்டும். ஆவியாகும் நீரை ஈடுசெய்ய ஊற்றுவது எப்போதும் நன்னீர்தான், உப்புநீர் அல்ல. மிதவையோ உணரியோ கொண்டு தானாக நிரப்பும் கருவி ஒன்றை முதல் நாளே பொருத்திவிடுவது, அழகான மீன் ஒன்றை வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு.

அந்த நன்னீர் எது என்பது அடுத்த கேள்வி. குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், சில வேளை செம்பு ஆகியவை கரைந்திருக்கும். மனிதருக்குத் தீங்கில்லாத அளவு செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு. வீட்டு ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை நீக்கும். ஆனால் குடிநீருக்கான கருவிகள் சுவைக்காகக் கொஞ்சம் தாதுக்களைத் திரும்பக் கலப்பதுண்டு. தொட்டிக்கு வேண்டியது ஆர்.ஓ.வுக்குப் பின் அயனிப் பிசின் வழியாகவும் கடந்த, கரைந்த பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீர். அதில் தொட்டிக்கென்று விற்கப்படும் செயற்கைக் கடலுப்பைக் கரைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. அது ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் எல்லாம் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கின்றன. தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. செறிவு திடீரென ஏறினால் கால்சியம் வெண்பொடியாகப் படிந்து வீணாகும். தனி வாளியில் பம்பு ஓடவிட்டு, ஒரு நாள் கலங்கித் தெளிந்த பிறகே நீர் தொட்டிக்குப் போக வேண்டும்.

கடற்கரையோரம் வசிப்பவர்கள் கடல்நீரையே எடுத்துவர நினைப்பதும் உண்டு. தமிழகக் கரையில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஆற்றுநீர் கலந்து கரையோர நீரின் உப்பு வெகுவாக இறங்கிவிடும். நகர்ப்புறக் கரையில் கழிவும் சேரும். தொடங்குவோர் நம்பத் தகுந்த நீர் அது அல்ல.

உப்பை அளக்க ஒளிவிலகல்மானி போதும். 35 என்ற அளவுக்கென்றே விற்கும் நியமக் கரைசலைக் கொண்டு அதை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். வெறும் தூய நீரை வைத்துச் சரிபார்த்த கருவி பூஜ்யத்தில் உண்மையும் 35-இல் பொய்யும் சொல்லக்கூடும்.

தொட்டிக்குள் முதலில் போவது பாறை. இதன் மதிப்பை உலகுக்குக் காட்டியவர்களில் முன்னோடி ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961-இல் வெளியான கட்டுரையில் அவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையும் மெல்லிய காற்றுக்குமிழ்களும் வெளிச்சமும் இருந்தால் வடிகட்டி இல்லாமலே நீர் தூய்மையாக இருக்கும் என்று விளக்கினார். பின்னாளில் பெர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் இதோடு, கழிவை நுரையாக்கி நீக்கும் நுரைபிரிப்பானையும் வலிய விளக்குகளையும் சேர்த்தனர். இன்று உலகெங்கும் வைக்கப்படும் தொட்டிகளில் பெரும்பாலானவை அந்த பெர்லின் முறையின் வழிவந்தவை. பாறையின் சூட்சுமம் அதன் துளைகளில் இருக்கிறது. வெளிப்பரப்பில் ஆக்சிஜனை விரும்பும் பாக்டீரியாக்கள் கழிவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத உட்துளைகளில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடுகின்றன.

அதற்காகக் கடலிலிருந்து பாறையை எடுத்துவர முடியாது. இந்தியாவில் கல் பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல்விசிறிகள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மீறினால் ஏழாண்டு வரை சிறை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே சுண்ணாம்புக் காளவாய்களுக்காகப் பல ஆண்டுகள் பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்டது. இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டைப் பொறுக்கி வருவதும் தவிர்க்க வேண்டியதே. கடைகளில் விற்கும் செயற்கைப் பாறை, அதாவது துளைகள் நிறைந்த பீங்கான் அல்லது சிமென்ட் வார்ப்பு, சில மாதங்களில் பாக்டீரியா பிடித்து அதே வேலையைச் செய்யும். சற்றுக் கூடுதல் காலம் எடுக்கும், அவ்வளவுதான். பாறையைச் சுவர்போல் நெருக்கி அடுக்காமல், நடுவே நீர் புகுந்து வெளியேற இடம் விட்டு அடுக்க வேண்டும். மணலுக்கு மேல் வைக்காமல் தொட்டியின் தரைமேல் வைத்துச் சுற்றிலும் மணலை நிரப்பினால், மணலைத் தோண்டும் மீன்களால் அது சரியாது.

இனி வருவது காத்திருப்பு. மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாகின்றன. அம்மோனியா எவ்வளவு கொடியது என்பது நீரின் காரநிலையைப் பொறுத்தது. பிஎச் 7 உள்ள நன்னீரில் அதன் மிகச் சிறு பகுதியே நச்சு வடிவில் இருக்கும். 8.2 உள்ள கடல்நீரில் அந்தப் பங்கு பத்து மடங்குக்கும் மேல். நன்னீர்த் தொட்டியில் மீன் தாக்குப்பிடித்த அம்மோனியா, இங்கே கொல்லும். ஒரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும்; நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இந்தக் கூட்டம் தேவையான அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

இதற்கு மீனைப் பலிகொடுக்கத் தேவையில்லை. அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சேர்த்து லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியாவை ஏற்றிவிட்டு, சோதனைக் குப்பியில் நிறத்தைப் பார்த்துவர வேண்டும். முதல் வாரத்தில் குப்பி பச்சையாகவே நிற்கும். பிறகு ஒரு நாள் அம்மோனியாக் குப்பி மஞ்சளுக்கு இறங்கும், நைட்ரைட் குப்பி ஊதாவாகும். கடைசியில் அதுவும் வெளுக்கும். மீண்டும் அதே அளவு அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யமாகிவிட்டால் தொட்டி உயிரைத் தாங்கத் தயார். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி இந்த ஆறு வாரத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

அடுத்து வரும் இரண்டு மூன்று மாதங்கள் கண்ணுக்கு இனியவை அல்ல. வெள்ளை மணலின்மேல் முதலில் பழுப்புத் தூள் படியும். அது சிலிக்காவை உண்ணும் டயாட்டம். அது போனால் பச்சை முடிப்பாசி வரும், சில வேளை செந்நிறச் சவ்வுபோல் சயனோபாக்டீரியா போர்த்தும். தொட்டி கெட்டுவிட்டது என்று பலர் கலைத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். புதுப் பரப்பில் உயிர்கள் ஒன்றையடுத்து ஒன்று குடியேறும் வரிசை இது. மேயும் நத்தைகளைச் சேர்த்து, விளக்கு நேரத்தைக் குறைத்து, கையால் பாசியைப் பிடுங்கி, காத்திருப்பதே வழி. பாசி மருந்துகள் பெரும்பாலும் ஒரு சிக்கலை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துவிட்டுப் போகும்.

கருவிகளில் அதிகம் பேச வேண்டியது நுரைபிரிப்பான் பற்றி. கரையில் அலை மடிந்து உடையும் இடத்தில் நுரை திரள்வதைப் பார்த்தவர்களுக்கு அதன் வேலை எளிதில் புரியும். கரிமக் கழிவு மூலக்கூறுகள் பலவற்றுக்கு ஒரு முனை நீரை நாடும், மறு முனை நீரை வெறுக்கும். அவை காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். கருவிக்குள் லட்சக்கணக்கான நுண்குமிழ்கள் எழும்போது ஒவ்வொரு குமிழும் இந்தக் கழிவைச் சுமந்து மேலே ஏறி, கழுத்தில் நுரையாகி, கிண்ணத்தில் வழிகிறது. உப்புநீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் சிறியவையாகவே நிற்பதால்தான் இது நடக்கிறது. வீட்டு நன்னீர்த் தொட்டியில் இக்கருவி எடுபடாது. இரண்டு மூன்று நாளில் கிண்ணத்தில் கெட்டித் தேநீர் நிறத்தில், சதுப்பு நாற்றத்துடன் திரவம் சேரும். அது அழுகி நைட்ரேட்டாவதற்கு முன்பே வெளியேறிவிட்ட கழிவு.

நீரோட்டம் பவளத்துக்கு மூச்சு போன்றது. ஓரிடத்தில் வேரூன்றிய விலங்குக்கு உணவையும் ஆக்சிஜனையும் கொண்டுவருவதும் சளியை அலசிச் செல்வதும் ஓட்டம்தான். மென்பவளத் தொட்டிக்கு மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 10 முதல் 20 மடங்கு நீர் சுழல வேண்டும். ஒரே திசையில் பீய்ச்சி அடிக்காமல், இரு பம்புகள் எதிரெதிரே மோதி ஓட்டம் கலைவது நல்லது.

விளக்கு விலையைப் பார்த்து வாங்கும் பொருளல்ல. நீர் முதலில் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் ஆழத்தில் மிஞ்சுவது நீலம்; பவளத்துள் வாழும் பாசியும் நீலத்தையே நன்கு பயன்படுத்துகிறது. தொட்டி விளக்குகள் நீலமாக இருப்பதற்குக் காரணம் இது. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவான ‘பார்’ மென்பவளங்களுக்கு 50 முதல் 150 போதும், அக்ரோப்போரா போன்ற கிளைக்கல் பவளங்களுக்கு 200-க்கு மேல் வேண்டும். புது எல்.இ.டி. விளக்கை முதல் நாளே முழு வீச்சில் எரியவிட்டால் பவளம் வெளுக்கும். குறைந்த வீச்சில் ஆறு மணி நேரத்தில் தொடங்கி, வாரக்கணக்கில் கூட்டிப்போக வேண்டும்.

வெப்பம் 25 அல்லது 26 டிகிரியில் நிற்க வேண்டும். ஐரோப்பியக் கையேடுகள் நீரைச் சூடாக்கும் கருவியைப் பற்றி விரிவாகச் சொல்லும்; மே மாதத்துச் சென்னை வீட்டில் பிரச்சினை அதற்கு நேர்மாறு. மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் ஓடவிட்டால் வறண்ட காற்றில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு பலிக்காது. கடலோர நகரங்களில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் தேவைப்படும். அது உறிஞ்சிய வெப்பத்தை வெளியே தள்ளுவதால், மூடிய அலமாரிக்குள் வைத்தால் வீண். கூடவே ஒரு மின்கலக் காற்றுப் பம்பும் வேண்டும். 25 டிகிரியில் உப்புநீர் தாங்கும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மின்தடையில் நீர் நின்றுபோனால் மீன்கள் முதலில் திணறுவது ஆக்சிஜனுக்குத்தான். மின்கம்பிகள் சொருகுபெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி இருந்தால், கம்பி வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தாமல் உப்புநீரில் கைவைக்கக் கூடாது.

பவளம் வளரத் தொடங்கியதும் தண்ணீரின் வேதியியல் மாறும். கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் நீரிலிருந்து எடுத்துத்தான் அது எலும்பு கட்டுகிறது. கடல்நீரில் கால்சியம் லிட்டருக்கு 410 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. பைகார்பனேட்டைக் காட்டும் காரத்தன்மையின் இருப்பு அதைவிடச் சிறியது. டிகேஹெச் அலகில் 7 மட்டுமே, தொட்டிகளில் 8 அல்லது 9 வைப்பது வழக்கம். கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் குறையும்போது காரத்தன்மை 2.8 குறைகிறது. முன்னது இருபதில் ஒரு பங்கு இழப்பு. பின்னது மூன்றில் ஒரு பங்கு. எனவே முதலில் தட்டுப்பாடாவது காரத்தன்மைதான், அடிக்கடி சோதிக்க வேண்டியதும் அதுவே. ஒரே நேரத்தில் தினமும் சோதித்து, நேற்று 8.5, இன்று 8.1 என்று வந்தால், தொட்டியின் அன்றாடச் செலவு 0.4. அதை மட்டும் ஈடுசெய்தால் போதும். 9 நல்லது என்று படித்துவிட்டு ஒரே நாளில் 7-இலிருந்து 9-க்கு ஏற்றியவர்கள் பவளத்தின் நுனி எரிந்துபோவதைப் பார்த்திருக்கிறார்கள். 8-இல் அசையாமல் நிற்கும் தொட்டி, 9-க்கும் 10-க்கும் இடையே ஊசலாடும் தொட்டியைவிட மேல்.

பெர்லின் முறையில் இதற்குக் கையாளும் வழி, தெளிந்த சுண்ணாம்பு நீர். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்.ஓ. நீரில் கலக்கி, அடியில் படிந்தபின் மேலே நிற்கும் தெளிவை, ஆவியான நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பவளம் எடுத்த விகிதத்திலேயே இரண்டும் திரும்பிவிடும். அந்த நீரின் பிஎச் 12-ஐத் தாண்டும் என்பதால் மொத்தமாக ஊற்றினால் பேராபத்து. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு இதற்கு ஆகாது; அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும்.

முதல் மீனாகக் கோமாளி மீன் நல்ல தேர்வு. ஆஸிலாரிஸ் வகை குஞ்சுப்பண்ணைகளிலேயே பிறப்பதால் கடலுக்கு இழப்பில்லை, தொட்டி உணவுக்கும் பழகியிருக்கும். தமிழகத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமும் பரங்கிப்பேட்டைக் கடலுயிரியல் மையமும் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்திருக்கின்றன. இவை முதலில் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். இரண்டு சிறியவற்றைச் சேர்த்து வாங்கினால் இணை தானாக அமையும். கடலில் அவற்றுக்குப் புகலிடமான கடல்தாமரை இல்லாமலும் அவை நலமாக வாழும். கடல்தாமரையோ ஓராண்டு முதிராத தொட்டியில் இடம்தேடி ஊர்ந்து, பம்பில் சிக்கிச் சிதைந்து, தொட்டியையே நஞ்சாக்கக்கூடும். மாண்டரின் மீனின் நிறம் யாரையும் மயக்கும். ஆனால் அது நாள் முழுக்கப் பாறையில் நுண்ணிய ஓட்டுடலிகளைக் கொத்தித் தின்று வாழ்வது. புதுத் தொட்டியில் சில வாரங்களிலேயே பட்டினியால் மெலிந்து சாகும். அதை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

எந்த மீனும் நேராகத் தொட்டிக்குள் போகக் கூடாது. கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலில் உப்புத் துகள் தூவியதுபோல் வெண்புள்ளிகளாகத் தெரியும். சில நாளில் புள்ளிகள் உதிர்ந்துவிடும். மீன் தேறிவிட்டது என்று தோன்றும். உண்மையில் உதிர்ந்தது பாறையில் உறையாகி உட்கார்ந்து, பல நாள் கழித்து நூற்றுக்கணக்கில் வெடித்து மறுபடி மீனைத் தேடும். அந்த உறை 72 நாள் வரை காத்திருந்து பொரித்ததும் பதிவாகியிருக்கிறது. இதற்கான செம்பு மருந்து பவளத்தையும் நத்தையையும் கொல்லும், பாறையிலும் ஊறிவிடும். ஆகவே வெற்றுக் கண்ணாடியும் ஒரு குழாய்த் துண்டும் மட்டுமுள்ள தனித் தொட்டியில் நான்கு வாரமாவது வைத்துப் பார்ப்பதும், மருந்து தேவையானால் அங்கேயே கொடுப்பதும் வேண்டும். மீனுக்கு மீன் இரண்டு மூன்று வார இடைவெளி விட்டால் பாக்டீரியாக் கூட்டமும் அதற்கேற்ப வளரும்.

பவளங்களில் தோல் பவளமும் காளான் பவளமும் தவறுகளைப் பொறுத்துக்கொள்பவை; கல் பவளம் தொட்டி ஓராண்டு நிலைத்தபின் வரட்டும். அதுவும் அரசு அனுமதியுள்ள, ஆவணம் காட்டும் இடத்திலிருந்து மட்டுமே. பொத்தான் பவளங்கள் மலிவு, அழகு, வளர்ப்பதும் எளிது. ஆனால் அவற்றில் சிலவற்றில், குறிப்பாக பாலித்தோவா இனத்தில், பாலிடாக்சின் உண்டு. அறியப்பட்ட கொடிய நஞ்சுகளில் அது ஒன்று. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டவோ தேய்க்கவோ கூடாது. அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்வதாகக் கொதிக்க வைத்தால் ஆவியோடு நஞ்சும் எழும். வீடே மருத்துவமனைக்குப் போகும்படி ஆன நிகழ்வுகள் உண்டு.

அன்றாட வேலை அதிகமில்லை. காலையில் வெப்பமும் உப்பும் பார்ப்பது, மீன்களை எண்ணுவது, நுரைக் கிண்ணத்தைக் கழுவுவது, வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது. இப்படி ஓராண்டு சென்ற தொட்டியில் தோல் பவளம் இடம் போதாமல் பக்கத்துப் பவளத்தைத் தொடத் தொடங்கும். அப்போது அதன் ஓரத்தைக் கூரிய கத்தியால் அறுத்து, துண்டை ஒரு சிறு கல்லோடு ரப்பர் வளையத்தால் தளர்வாகக் கட்டி, ஓட்டம் மெதுவான மூலையில் வைக்க வேண்டும். முதலில் சில நாள் அது சுருங்கிச் சளி விடும். இரண்டு மூன்று வாரத்தில் அடிப்பகுதி பரந்து கல்லைப் பிடித்துக்கொண்டபின், வளையத்தை வெட்டி எடுத்துவிடலாம்.